போன வருஷத்து ஏழு

ஏலக்காயில் எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பண்டகசாலையில் தரம் பிரிக்கிற வேலை. சல்லடையில் போட்டுச் சலித்து எட்டு எம்எம், ஏழு எம்எம், ஆறு எம்எம் என்று காயைத் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். எட்டுக்குத்தான் முதல் மரியாதை. ஏழு அதற்கு அடுத்தது. ஐந்து என்பது மசாலாப் பொடிக்குப் போகிற சின்னக் காய், அதை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பு இந்தச் சல்லடையில்தான் தொடங்குகிறது. கம்ப்யூட்டருக்குப் பிராசஸர் வாங்கப் போன இடத்தில் மகள் சொன்ன ஐந்தாம் நம்பரை விட்டுவிட்டு ஏழாம் நம்பரை வாங்கி வந்தவள் நான்.

வீட்டுக்காரருக்குக் கார்ப்பரேஷனில் வாய்க்கால் தூர்வாருகிற பிரிவில் வேலை. பகல் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வருவார். குளித்து வேட்டி மாற்றியதும் பேச ஆரம்பித்துவிடுவார். வாய்க்காலில் கிடைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய மனுஷன். வளைகுடாவில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள் ஒரு விலை கூடின போனை அனுப்பிவைத்த பிறகு கேட்கவே வேண்டாம். அதன் கேமராவில் எது உச்சமோ அதில் திருப்பி வைத்தார். ஃபோர் கே என்று அதற்குப் பெயர். கப்பைக் கிழங்கு வேகிறதை ஃபோர் கேயில் எடுத்தார். நான் துணி உலர்த்துவதை எடுத்தார். எடுக்கும்போதே பேசுவார். போனைக் கையை நீட்டிப் பிடித்துத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு இரண்டு வார்த்தை, பிறகு என் பக்கம் திருப்பி, "எடீ, இங்க நோக்கு" என்று ஒரு கூப்பாடு.

எங்கள் இரண்டு பேருடைய குடும்பமும் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவை. வீட்டில் பேசுவது தமிழ் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் சிரிப்பார்கள். "எடீ" என்று மலையாளத்து ஆம்பளைபோல அவர் என்னைக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதிலும் அந்த "டீ"யைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுப்பார், தெருமுனை வரைக்கும் கேட்கும். "நிறுத்துங்க" என்பேன். கேமராவைப் பார்த்தாலும் அதுதான், பேச்சு நீண்டாலும் அதுதான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எடீ" என்பார் அவர். "நுணலும் தன் வாயால் கெடும்" என்பேன் நான். இது எங்கள் வீட்டில் தினசரி நடந்த கச்சேரி.

மழைக்காலத்தில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியிலேயே சரிந்தார். கையிலிருந்த போன் தெரு ஓடையில் விழுந்து போயேபோயிற்று. பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால் இரண்டும் மெல்ல மெல்லப் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும், முகத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் "ஆ" என்று ஒரு சத்தம்தான். அவ்வளவு பேசின வாய் அது. 

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். மலையாளி, பொறுமைசாலி. அவர் வீடியோ எடுக்கிறவர் என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. அதில் அவர் ஒரு சொல்லைச் சொல்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள், வாய் பெரிதாகத் தெரியட்டும், பெரிய திரையில் போட்டு அவரையும் கூடவே சொல்லச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு நாற்பது தடவையானாலும் சரி என்றாள். சொந்த வாயும் சொந்தக் குரலும் சேர்ந்து வந்தால் அவருக்கு வழி தெரியும். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னாள். வாய் அசைவும் சத்தமும் இம்மியளவும் பிசகாமல் ஒன்றாக வர வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

மூன்று சொல் எடுத்தேன். சாயா. வெள்ளம். மூன்றாவதை அவளிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. "எடீ." டீக்குச் சொல்கிற சாயாவும், தண்ணீருக்குச் சொல்கிற வெள்ளமும் அவருக்கு. மூன்றாவது எனக்கு. அவர் என்னை மறுபடி ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் பிடிக்காமல் இருந்த சொல் அது.

நல்லவேளையாகப் போன் நிறையும்போதெல்லாம் அவர் வீடியோக்களை மகளின் பழைய காலேஜ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அவற்றைத் தூக்க முடியாமல் தவித்தது. சத்தம் முன்னால் ஓடும், படம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். "சாயா" என்று குரல் கேட்டு முடிந்த பிறகு வாய் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஜத்தில்தான் வாயும் சொல்லும் பிரிந்து கிடக்கிறது, திரையிலும் அதுவே என்றால் யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்கும்.

மகளிடம் போனில் அழுதேன். அவள் வேலை முடிந்து யாரையோ விசாரித்து மறுநாள் சொன்னாள்.

"அம்மா, அப்பா எடுத்தது எல்லாம் ஃபோர் கே. அதைப் பிரிச்சுக் காட்ட பழைய பிராசஸரால ஆகாது. ஐ ஃபைவ் வாங்கு, பன்னிரண்டாம் ஜெனரேஷன். படம் காட்டற கிராபிக்ஸ் அதுக்குள்ளயே இருக்கணும். நம்பர் கடைசியில எஃப்-னு எழுத்து இருந்தா வேண்டாம், அதுல அது இருக்காது. கேட்டியா?"

"கேட்டேன் மோளே. ஐ செவன்னு ஒண்ணு இருக்காமே, அது?"

"ஃபைவ் போதும்மா. நான் சொல்றத வாங்கு."

போதும் என்கிற சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது. அப்பனுக்கு வாங்குகிற பொருளில் என்ன போதும் வேண்டியிருக்கிறது.

பள்ளுருத்தியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை ஒன்று உண்டு. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். பிராசஸரை மட்டும் மாற்ற முடியாது, அது உட்காருகிற போர்டு, மற்றது எல்லாமே மாற வேண்டும், முழுப் பெட்டியாக எடுப்பதுதான் லாபம் என்றார் கடைக்காரர். இரண்டு பெட்டி காட்டினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றில் ஐ ஃபைவ், மற்றதில் ஐ செவன். தனியாகக் கிடந்த ஒரு பிராசஸரை எடுத்து, இது இவ்வளவுதான் சேச்சி என்று என் உள்ளங்கையில் வைத்தார். பிஸ்கட்டில் பாதி அளவுக்கு ஒரு சதுரத் தகடு. பழக்கதோஷத்தில் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டேன்.

"ஏழுதானே பெருசு?" என்று கேட்டேன்.

"பெருசுதான் சேச்சி. ஆனா இது பழசு, நாலாம் ஜெனரேஷன். அது பன்னிரண்டாவது. போன்ல எடுத்த ஃபோர் கேன்னா அதை எடுக்கறதுதான் நல்லது."

அவர் சொன்னார். சொல்லவில்லை என்று நான் அவர்மேல் பழி போட முடியாது. ஆனால் ஒரே விலையில் ஏழு கிடைக்கும்போது ஐந்தைத் தலையில் கட்டப் பார்க்கிற வியாபாரிகளை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஜெனரேஷன் என்றதும் எனக்கு எங்கள் வீட்டு நினைப்பு வேறு வந்தது. எங்களில் மூன்றாம் தலைமுறை தட்டுத்தடுமாறித் தமிழ் படிக்கும். நான்காம் தலைமுறையான என் மகள் மலையாளத்தில்தான் எழுதுவாள். பன்னிரண்டாம் தலைமுறையில் என்ன மிஞ்சப் போகிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். "ஏழையும் ஐந்தையும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்று அவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. "சேச்சி இஷ்டம்" என்று அவர் பெட்டியைக் கட்டிக்கொடுத்தார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

முன்பைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் என்னை ஏமாற்றியது. பெட்டி சட்டென்று திறந்தது, எழுத்துக்கள் பளிச்சென்று வந்தன. வீடியோவை வெட்டப் போனால்தான் படம் நின்று நின்று வரும். வாய் மூடுகிற இடத்தைப் பார்த்து நான் வெட்டினால், அதற்குள் சத்தம் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். அப்படியும் எடிட்டிங் பழகினேன். வெட்டினதைச் சின்ன வீடியோவாக மாற்றிவிட்டால் தடங்கலில்லாமல் ஓடும் என்று கண்டுபிடித்தேன். ஒன்றை மாற்ற அரைப் பொழுது ஆகும். வேலைக்குப் போகும் முன் அழுத்திவிட்டுப் போவேன், வந்து பார்த்தால் முடிந்திருக்கும்.

மூன்று துண்டும் தயார் ஆனபோது போட்டுப் பார்த்தேன். வாயும் சத்தமும் ஓரளவு ஒன்றாக வந்தன. ஆனால் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "சாயா... நிறுத்துங்க." "வெள்ளம்... நிறுத்துங்க." "எடீ... நிறுத்துங்க." என் குரல். அவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதன் பின்னாலேயே நான் வந்து நிற்கிறேன்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் பொய். மறுபடி வெட்டினால் அதே மாதிரி தப்பான இடத்தில்தான் வெட்டும், அதை மாற்ற மறுபடி அரைப் பொழுது, அதற்குள் நாள் போகிறது, முதல் மாதங்கள்தான் முக்கியம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். ஒரு நொடிச் சத்தம்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பொறுமை என்பது எனக்கு ஏலக்காயில் மட்டும்தான் உண்டு.

ஏழு வாரம். காலையில் நாற்பது தடவை, மாலையில் நாற்பது தடவை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் போடுவேன். திரையில் பெரிதாக அவர் வாய். இவர் வாயும் கூடவே அசையும். ஒரு நாள் உதடு குவிந்தது, ஒரு நாள் நாக்கு மேலே தட்டியது. நான் சாயாவை ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் பண்டகசாலையில் புது மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். நல்ல பருமனான காய், சல்லடையில் கொட்டினால் ஏழில் அப்படியே நின்றது. கூட வேலை செய்கிறவள், "ஏழு, நல்ல தரம்" என்று சொல்லி அள்ளப் போனாள். நான் ஒரு காயைக் கிள்ளினேன். தோல் வெளுத்திருந்தது, உள்ளே மணம் இல்லை.

"போன வருஷத்துச் சரக்கு. ஏழா இருந்தா என்ன, இதுக்குப் புதுக் காய் அஞ்சு தேவலாம்" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக எந்த மூட்டை வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, எந்த வருஷத்து மகசூல் என்பதுதான். அளவை அப்புறம்தான் பார்ப்பேன். அந்தக் கேள்விக்கான பதிலைக் கடைக்காரர் நான் கேட்காமலே சொன்னார், மகள் சொன்னாள். ஜெனரேஷன் என்றால் அதுதான். இரண்டு பேரையும் பேசவிடாமல் அடக்கிவிட்டுப் பழைய சரக்கை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்குக் காய் கண்ணில் படவில்லை.

மறு சனிக்கிழமை பெட்டியோடு பள்ளுருத்திக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஐ ஃபைவைக் கொடுத்தார். "யாருக்கு சேச்சி இந்த எடிட்டிங்?" என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். அவர் பெட்டியை ஆட்டோவரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அந்த வீடியோக்களைப் போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது படம். அவர் நெற்றி வியர்வை, மேலுதட்டில் சாயா நுரை, எல்லாம். வாயும் சொல்லும் ஒன்றாக, எந்தப் பிசகும் இல்லாமல். "சாயா"வை வெட்டினேன், வால் இல்லாமல் சுத்தமாக வந்தது. "வெள்ளம்" வந்தது. பிறகு "எடீ"யை எடுத்தேன்.

திரையில் சத்தத்தை மேடுபள்ளமாகக் கோடு போட்டுக் காட்டும். அவர் குரல் ஒரு மேடு, என் குரல் ஒரு மேடு. இரண்டுக்கும் நடுவே வெட்ட ஒரு பள்ளம் வேண்டும். தேடினேன். இல்லை. அவர் அந்த "டீ"யைத் தூக்கி இழுக்கிறாரே, அது முடிவதற்கு முன்பே என் "நிறுத்துங்க" அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேறொரு வீடியோவை எடுத்தேன். அதிலும் அப்படியே. ஓணத்தன்று எடுத்தது, படகில் எடுத்தது, மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று எடுத்தது, ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு முடித்த ஒரு இடம்கூட இல்லை. அதுவரைக்கும் பிராசஸரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பிராசஸர் வந்ததும், பிசகு எங்கே இருந்தது என்று ஒளிவுமறைவு இல்லாமல் காட்டிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இழுப்பைத் தறித்து மொட்டையாக ஒரு "எடீ" செய்தேன். சுத்தமான மூன்று துண்டையும் மறுநாளிலிருந்து போட்டேன்.

மூன்றாம் நாள் காலை. டம்ளரை அவர் இடது கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு குவிந்தது, நாக்கு மேலே தட்டியது, ஏழு வாரமாக நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே அசைவு.

"நிறுத்துங்க" என்றார்.

தெளிவாகச் சொன்னார். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அவருக்கே நம்ப முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, டம்ளரைக் காட்டி மறுபடி "நிறுத்துங்க" என்றார். சாயா நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார். நான் தலையாட்டினேன். "ஆமா, நல்ல கடுப்பம், ஸ்ட்ராங்கா இருக்கு" என்றேன். அடுக்களைக்குப் போய் அங்கே நின்று அழுதேன்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு முதலில் ஒரே சந்தோஷம். முழுசாக ஒரு சொல் வந்துவிட்டதே, எப்படி வந்தது என்று கேட்டாள். வாலில் ஒட்டியிருந்த என் குரலைப் பற்றி நான் சொன்ன பிறகு, மூன்று துண்டிலும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான், அதனால் அது பதிந்திருக்கும் என்று அவளே யோசித்துச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தப்பு இல்லை, எது முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, இந்த வழியாகவே மற்றதும் வரும் என்றாள். அவள் நல்லவள். மற்றது வரவில்லை. புதுத் துண்டுகளை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டுப் பார்த்தேன். "சா" வரைக்கும் வந்து நிற்கும். மகளிடம் ஏழாம் நம்பர் விஷயத்தைக் கடைசியில் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சாப்டியாம்மா" என்று கேட்டாள்.

இப்போது இரண்டாவது வருஷம் நடக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எல்லாக் காரியமும் நடத்துகிறார். தண்ணீருக்கு அது, மின்விசிறிக்கு அது, மகள் போனில் வந்தால் அது. என்னைக் கூப்பிடவும் அதுதான். வேலை முடிந்து சந்து திரும்பும்போதே ஜன்னலில் அவர் முகம் தெரியும். என்னைக் கண்டதும் தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிடுவார். புதிதாகக் குடிவந்தவர்கள், புருஷன் என்னவோ விரட்டுகிறான் என்று என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

சொல்தான் என்னுடையது, இழுப்பு அவருடையது. "எடீ"யில் தூக்கின மாதிரியே அந்தக் கடைசி "ங்க"வையும் மேலே தூக்கி இழுக்கிறார். நான் தெருவில் பையோடு நின்றுவிடுகிறேன். இழுத்து முடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் நிற்கிறேன். முழுக்க முடிந்த பிறகுதான், "வந்துட்டேன்" என்கிறேன்.